வெறும் எழுத்து

அன்று காலை கையேட்டுக் கோப்பு திறக்க மறுத்தது. மழையில் நனைந்த மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ருதைனா நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. பஸ்ராவில் வரிசையாக மருந்துக்கடைகள் வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு அன்று மதியத்துக்குள் புதிய பதிப்பு போயாக வேண்டும். கடைசியில் கோப்பு திறந்தபோது, திறக்காமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிட்டது. பக்க எண்கள் எல்லாம் ஒன்றிலேயே நின்றன. அட்டவணைகள் ஓரத்தைத் தாண்டி வெளியே வழிந்திருந்தன. படங்களோ தத்தம் இடங்களை விட்டுவிட்டுக் கடைசி அத்தியாயத்துக்குப் போய், வெள்ளிக்கிழமை மசூதி வாசலில் கிடக்கும் செருப்புகளைப்போல ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன.

"போச்சு," என்றாள்.

பக்கத்து மேசையிலிருந்து வஹீப் தலையைத் திருப்பினார். "எது போச்சு?"

"எல்லாமேதான். வந்து பாருங்க."

அவர் எழுந்து வரவில்லை. "என்ன ஆயிருக்குன்னு சொல்லு," என்றார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "போன வாரம் எடுத்து வச்ச நகல் இருக்கு. அதுல மூணாவது அத்தியாயம் மட்டும்தான் பழசு. நான் ஞாபகத்துலேர்ந்து சொல்றேன், நீ அடி," என்றார். அப்படியே செய்து மதியத்துக்குள் அனுப்பியும் விட்டார்கள். அவர் ஏன் எழுந்து வந்து பார்க்கவில்லை என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஜோர்டான் தலைநகர் அம்மானில், கார்டன்ஸ் தெருவில், பழச்சாறுக் கடை ஒன்றின் மேல் மூன்றாவது மாடியில் இருந்தது அந்த நிறுவனம். மருந்துக்கடைகளுக்கு ஒரு மென்பொருள் செய்து விற்றது. எந்த மருந்து எத்தனை இருக்கிறது, எது காலாவதியாகப் போகிறது, எதோடு எதைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் கையேட்டை எழுதுகிறவர்கள் வஹீபும் ருதைனாவும். இரண்டே பேர். நிரல் எழுதுகிறவர்கள் மாதம் ஒருமுறை ஏதாவது பட்டனை இடம் மாற்றுவார்கள். இவர்கள் அந்தப் பட்டன் வருகிற பக்கங்களையெல்லாம் தேடிப்பிடித்துத் திருத்துவார்கள். இருபத்தைந்து வருடமாக அந்த ஒரே கோப்பில் எழுதி எழுதி, அது ஊதிப் பெருத்து, தொட்டால் நோகும் நோயாளிபோல ஆகியிருந்தது.

வஹீப் அவளைவிட ஆறேழு வயது மூத்தவர். அவள் வேலையில் சேர்ந்த முதல் வாரம் எழுதிக் கொடுத்த பக்கத்தில் 'படத்தில் காண்பதுபோல' என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தாள். மூன்றையும் அடித்துவிட்டு, "படம் தொலைஞ்சு போனாலும் புரியணும்" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அது ஒரு பிடிவாதம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தாள். பிறகு அவளுக்கே அது பழக்கமாகிவிட்டது. விவாகரத்து வழக்குக்காக அவள் ஷரீஅத் நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்த வருடம், அவளுடைய பங்கு அத்தியாயங்களையும் அவரே எழுதி, அவள் பெயரைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கே போகிறாள், ஏன் போகிறாள் என்று அலுவலகத்தில் ஒருவரும் அறியவில்லை. அவரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவர் மனைவி கிதாமுக்குக்கூட எல்லாம் முடிந்த பிறகு ருதைனாவே போய்ச் சொன்னாள். "ஐயோ, இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லலையே!" என்று கிதாம் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

கோப்பு உடைந்த விஷயம் முதலாளி முஹன்னத் காதுக்கு எட்டியது. நிறுவனத்தை ஆரம்பித்தவரின் மகன். அப்பா இறந்ததும் பொறுப்புக்கு வந்தவன், முப்பத்தைந்து வயதிருக்கும். சின்னப் பையனாக இருந்தபோது வஹீபின் மேசைக்கு அடியில் உட்கார்ந்து படம் வரைந்தவன். அலுவலகத்தில் அவரை மரியாதையாக 'உஸ்தாத்' என்பான், வீட்டு விசேஷங்களில் 'சித்தப்பா' என்பான்.

"இனிமே இந்தப் பாழாப்போன கோப்பு வேணாம்," என்றான். "உலகத்துல எவ்வளவோ கருவி வந்தாச்சு. ருதைனா மேடம், நீங்களும் உஸ்தாதும் சேர்ந்து பாருங்க. எதுல எழுதப் போறோம், எப்படி வெளியிடப் போறோம்னு ரமலானுக்கு முன்னாடி முடிவு பண்ணிரலாம். ஆனா பொறுப்பு உங்களுது மேடம். கடைசி வார்த்தையை உங்க வாயாலதான் நான் கேப்பேன்."

தேடிப் பார்த்ததில் இரண்டு வழிகள் மிஞ்சின. ஒன்று, வெறும் எழுத்துக் கோப்புகள். அலங்காரம் எதுவும் கிடையாது. தலைப்புக்கு முன்னால் ஒரு குறி, தடித்த எழுத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு குறி, அவ்வளவுதான். அத்தியாயத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கோப்புகள். நிரல்காரர்கள் தங்கள் நிரலைச் சேமிக்கும் இடத்திலேயே இதையும் சேமிக்கலாம். யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்பது தெரியும். அதிலிருந்து இணையப் பக்கமும் அச்சுப் பிரதியும் தானாகவே உருவாகும். காசு கிடையாது. மற்றொன்று, சந்தா கட்டி வாங்கும் கருவி. பிரவுசருக்குள் இயங்கும். கட்டம் கட்டமாக இழுத்து வைக்கலாம். ஒரு பத்தியை ஓரிடத்தில் திருத்தினால் அது வருகிற எல்லா இடத்திலும் திருந்திவிடும். படிக்கிற மருந்தாளர் புரியாத வரிக்குப் பக்கத்திலேயே கேள்வி எழுதலாம். அந்தக் கேள்வி இவர்கள் மேசைக்கு வந்து சேரும்.

முதல் நாளிலிருந்தே வஹீப் வெறும் எழுத்தின் பக்கம்தான் நின்றார். இத்தனைக்கும் நிரல்காரர்களின் குறிகளைக் கண்டாலே எரிச்சல்படுகிறவர் அவர்.

"உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று ருதைனா சிரித்தாள். "போன வருஷம் வரைக்கும் 'கோழி கிளறின மாதிரி எழுதுறானுங்க'ன்னு அவங்களைத் திட்டிக்கிட்டிருந்தீங்க. இப்ப நீங்களே கோழி ஆகணுங்கறீங்க."

"கோழியாவது தன் தீனியைத் தானே தேடித் திங்குது," என்றார். "சந்தா கட்டுறவன் அடுத்தவன் வீட்டு விருந்தாளி. அவன் கதவைச் சாத்திட்டா வெளியில நிக்கணும்."

"சரி. இதைப் பாருங்க." அவள் ஒரு வரியைத் திரையில் காட்டினாள். சிக்கல் அங்கேதான் இருந்தது. அரபி வலமிருந்து இடமாக ஓடுகிறது, பட்டன்களின் ஆங்கிலப் பெயர்கள் இடமிருந்து வலமாக ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் குறிகளையும் அடைப்புக்குறிகளையும் போட்டதும் வரி சீட்டுக்கட்டைக் கலைத்ததுபோல ஆகிவிட்டது. திறந்த அடைப்பு மூடியதாகத் தெரிந்தது. முதல் சொல் நடுவில் போய் நின்றது. "இதை எப்படிப் படிச்சுத் திருத்துறது? கண்ணு பிடுங்குது."

வஹீப் திரைப்பக்கம் முகத்தைத் திருப்பினார். ஒரு காதில் கணினியோடு இணைத்த கேட்பொறி மாட்டியிருந்தார். சற்று நேரம் கழித்து, "எனக்கு ஒழுங்காத்தான் வருது," என்றார். வருது என்றார், தெரியுது என்று சொல்லவில்லை. அந்தச் சொல் அவளுக்குள் சின்ன முள்ளாகத் தங்கிவிட்டது.

சில மாதங்களாகவே அவர் கார் ஓட்டுவதில்லை. கியர் பெட்டி கெட்டுவிட்டது, உதிரிபாகம் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார். போகிற வழி என்பதால் அவள்தான் காலையும் மாலையும் அவரை ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் ஒரு மாலை ஐந்தாவது ரவுண்டானாவில் வண்டிகள் அசையாமல் நின்றன. மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. எள்ளு ரொட்டி விற்கிறவன் ஒருவன் தலையில் பிளாஸ்டிக் பையைப் போர்த்திக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே வந்து, வஹீபின் பக்கத்து ஜன்னலைத் தட்டிப் பார்த்தான். அவர் திரும்பவே இல்லை. மறுபடி தட்டியதும் திடுக்கிட்டு எங்கெங்கோ பார்த்தார். ரொட்டிக்காரன் அவரிடமிருந்து ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை.

அவன் போன பிறகு ருதைனா இன்ஜினை நிறுத்தினாள். "வஹீப், கியர் பெட்டி கெட்டுப்போகல, இல்ல?"

அவர் வலது கையைக் குழாய்போல மடித்து அவளிடம் நீட்டினார். "இப்படி வச்சு, இது வழியா என்னைப் பாரு. என்ன தெரியுது?"

"உங்க மூக்கு."

"எனக்கு அவ்வளவுதான் தெரியுது. மூக்கைப் பார்த்தா காது தெரியாது. டாக்டர் சொல்றாரு, குழாய் இன்னும் சின்னதாயிக்கிட்டே போகும், ஒருநாள் மூடிக்கும். வைத்தியம் கிடையாது. எங்க பெரியப்பாவுக்கு இருந்துச்சு. நான் தப்பிச்சேன்னு நினைச்சேன்." கேட்பொறியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "கணினித் திரையில இருக்கிறதை இது படிச்சுச் சொல்லுது. ஆறு மாசமா இப்படித்தான் வேலை பார்க்கிறேன். பழைய கோப்பு கனம் தாங்காம இதுவே நடுவுல மயங்கி விழுந்துரும். வெறும் எழுத்துன்னா கடகடன்னு படிக்குது. உன் கண்ணுக்குக் குழம்புற அந்த வரி இருக்கே, அது என் காதுக்கு வரிசையாத்தான் வருது. எழுதுன வரிசையில படிக்குது. அந்தச் சந்தாக் கருவியை நேத்து வீட்டுல திறந்து பார்த்தேன். என்ன சொல்லுச்சு தெரியுமா? பட்டன். பட்டன். பட்டன். பட்டன். எந்தப் பட்டன்னு சொல்லல. விடாம அரைமணி நேரம் பட்டன்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

அவர் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

"முஹன்னத்கிட்ட சொல்லிருவோம்," என்றாள். "அவன் உங்க கையில வளந்தவன்."

"அதனாலதான் சொல்லக் கூடாது. ருதைனா, நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. இப்ப கேக்குறேன். வெறும் எழுத்து நல்லதுன்னா, அது நல்லதுங்கறதுக்காக ஜெயிக்கணும். இந்த வேலையைச் செய்ய எனக்கு இன்னும் நாள் இருக்கு. ஐயோ பாவம்னு போடுற நாற்காலியில என்னால உக்கார முடியாது."

பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அவள் "சரி" என்றாள். சொல்லிவிட்டு இன்ஜினைக் கிளப்பினாள்.

அதற்குப் பிறகு அவள் உழைத்த உழைப்பு கொஞ்சமில்லை. காலாவதி மருந்துகளைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்து இரண்டிலும் எழுதிப் பார்த்தாள். நிரல்காரர்களிடம் போய்க் கெஞ்சி, வலமிடக் குழப்பத்தைத் தீர்க்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டாள். பாதி தீர்ந்தது. மீதி தீரவில்லை. ஜபல் ஹுசைனில் அவள் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருந்த மருந்தாளரிடம் இரண்டு பிரதிகளையும் படிக்கக் கொடுத்தாள். அவர் வெறும் எழுத்திலிருந்து வந்த பக்கத்தைப் பார்த்து நல்லாத்தான் இருக்கு என்றார். ஆனால் சந்தாக் கருவியின் பக்கத்தில், ஒரு வரிக்கு அருகே அவராகவே கேள்வி ஒன்றை எழுதிவிட்டு, பதில் அங்கேயே வந்ததைப் பார்த்ததும் குழந்தைபோல மகிழ்ந்துபோனார். "இத்தனை வருஷமா நாங்க தொலைபேசியில கத்திக்கிட்டிருந்தோமே," என்றார்.

படி ஏறி வீட்டுக்கு வரும்போது ருதைனா நடுப்படியில் நின்றாள். ஒப்புக்கொள்ள மனமில்லாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கருவிதான் நல்லது. படிக்கிறவர்களுக்கு நல்லது, அரபிக்கு நல்லது, நாளைக்கு வேலைக்கு வரப்போகிறவர்களுக்கும் நல்லது. வெறும் எழுத்து ஒரே ஒரு மனிதருக்குத்தான் நல்லது. அந்த ஒரு மனிதர் தினமும் அவள் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "இன்னைக்கு என்ன கண்டுபிடிச்சே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "பார்த்துக்கிட்டிருக்கேன்," என்றே அவள் சொல்லிவந்தாள். உனக்கு எது நல்லது என்று தோன்றுகிறது என்று அவர் நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அவர் கேட்கவில்லை. கேட்கப் பயந்தாரா, அவள்மேல் அவ்வளவு நம்பிக்கையா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

முடிவெடுக்கும் கூட்டம் மூன்றாவது மாடியின் பெரிய அறையில் நடந்தது. முஹன்னத், நிரல்காரர்களில் இருவர், விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர், இவர்கள் இருவர். ருதைனா வெறும் எழுத்தின் நன்மைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாம் உண்மைதான். ஆனால் தன் குரல் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளையின் குரல்போல ஒலித்ததை அவளே கேட்டாள். முஹன்னத் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உஸ்தாத், ஒரு பத்தியைத் திருத்திக் காட்டுங்களேன், எவ்வளவு சுலபம்னு பார்ப்போம்," என்றான்.

மடிக்கணினியை வஹீபின் முன்னால் தள்ளினார்கள். அது அவருடைய கணினி இல்லை. அதில் படித்துச் சொல்லும் மென்பொருள் இல்லை. சுவரில் பெரிதாக விழுந்த திரையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சுட்டியின் அம்பு மேலே போயிற்று, கீழே வந்தது, ஓரத்தில் போய் ஒளிந்தது. அவர் தேடினார். அது தேட வேண்டிய இடத்தில் இல்லை. அவருடைய கழுத்துநரம்பு புடைத்திருந்தது. ஒரு தடவை அவர் திருத்தியது அடுத்த வரியை.

"உஸ்தாத், கண்ணாடியை வீட்டுல மறந்துட்டீங்களா?" என்றான் முஹன்னத். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. சும்மா கலகலப்புக்காகச் சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள். வஹீபும் சிரித்தார். "வயசாச்சுப்பா, வயசாச்சு," என்றார். அந்தச் சிரிப்பைத்தான் ருதைனாவால் தாங்க முடியவில்லை.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்ததும் அவள் முஹன்னத்தின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். எதைச் சொல்லக் கூடாதோ அதைச் சொன்னாள். சொல்லத் தொடங்கிய பிறகு எல்லாமே வந்துவிட்டது. கையைக் குழாய்போல மடித்தது, பெரியப்பா, பட்டன் பட்டன் என்று அரைமணி நேரம் கேட்டது வரை சொன்னாள். முஹன்னத் முதலில் நம்பவில்லை. பிறகு கண்கள் கலங்கிவிட்டன. எழுந்து ஜன்னல்பக்கம் போய் நின்றான். "நான் கண்ணாடின்னு கிண்டல் பண்ணேனே," என்றான். "ஏன் மேடம் முன்னாடியே சொல்லல? எங்கப்பா இருந்திருந்தா என்னைச் செருப்பால அடிச்சிருப்பாரு." அதைக் கேட்டு அவளுக்கு நிம்மதி வந்தது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்றே நினைத்தாள். அந்த நிம்மதியோடுதான் அன்று அவரை வீட்டில் இறக்கிவிட்டாள்.

முஹன்னத் இரண்டு நாள் யோசித்தான். பிறகு அவர்கள் இருவரையும் அழைத்தான். மேசையில் மரமிய்யா இலை போட்ட தேநீர் மூன்று குவளை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்காராமல் வஹீபின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"வஹீப் சித்தப்பா," என்று ஆரம்பித்தான்.

அந்த ஒரு சொல்லிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ருதைனா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மெல்ல மூடிக்கொண்டது.

"நீங்க இனிமே இந்தத் திரையோட மல்லாட வேணாம். நம்ம கையேட்டை உங்களைவிட அறிஞ்சவங்க யாரு? தொலைபேசியில மருந்துக்கடைக்காரங்களுக்குச் சொல்லிக் குடுங்க. சம்பளத்துல ஒரு தீனார் குறையாது. வண்டி நான் அனுப்புறேன். எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க, இது உங்க வீடு. கையேட்டுக்கு அந்தச் சந்தாக் கருவியையே வாங்கிரலாம். ஒருத்தரை மனசுல வச்சு வெறும் எழுத்துன்னு முடிவு பண்ணிட்டா, நாளைக்கு வர்ற புதுப் பசங்க என்ன பண்ணுவாங்க, நீங்களே சொல்லுங்க."

வஹீப் தேநீரை எடுத்துக் குடித்தார். குவளையைத் திரும்ப வைக்கும்போது மேசை விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தார். அதை மறைக்க அவர் முயலவில்லை. "நல்ல மனசு உனக்கு. அல்லாஹ் உன் அப்பாவுக்கு ரஹ்மத் செய்யட்டும்," என்றார்.

மாலையில் வழக்கம்போல அவள் காரில்தான் வந்தார். வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகு, முன்னால் பார்த்தபடியே கேட்டார். "நீயா சொன்னே?"

"ஆமா. உங்களைப் பார்த்து அவங்க சிரிச்சாங்க, வஹீப். என்னால முடியல."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நானும்தான் சிரிச்சேன்." கதவின் கைப்பிடியைத் தேடிப் பிடித்தார், ஆனால் திறக்கவில்லை. "உனக்கு வெறும் எழுத்து பிடிக்கல. இல்ல?"

அவள் இன்ஜினை நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியும். அன்னைக்கு நீ பேசினப்பவே உன் குரல்ல தெரிஞ்சுது. எனக்கு இப்ப குரல்தானே. அதுதான் நல்லதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், அப்புறம் ஒத்துக்கிட்டிருப்பேன். படிக்கிறவனுக்கு எது நல்லதோ அதுதானேன்னு நானே சொல்லியிருப்பேன். பதினஞ்சு வருஷமா நாம அப்படித்தானே வேலை பார்த்தோம்? உன்னால அதைச் சொல்ல முடியல. அதனால என் கண்ணை எடுத்து மேசை மேல வச்சிட்டே."

அவர் இறங்கினார். வாசல் கேட்டைத் தடவித் திறந்து உள்ளே போனார். மறுநாள் காலை அவள் வண்டியை நிறுத்திக் காத்திருந்தபோது கிதாம் வெளியே வந்து, "அவர் ஆபீஸ் வண்டியில போயிட்டாரும்மா, உனக்கு எதுக்குச் சிரமம்னு சொன்னாரு," என்றாள்.

தொலைபேசி மேசை மறுகோடியில் இருந்தது. சில வாரம் அவர் குரல் அங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. "முதல்ல நீங்க எந்தப் பக்கத்துல நிக்கிறீங்கன்னு சொல்லுங்க" என்று இர்பித் ஊர் மருந்தாளர் யாரிடமோ நிதானமாகக் கேட்கும் குரல். அவளைக் கடந்து போகும்போது ஸலாம் சொல்வார். அவள் பதில் சொன்னதும் தலையசைப்பார். அந்த மரியாதை அவளை அறுத்தது. கத்தியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. ரமலானில் விடுப்பு எடுத்தார். பெருநாளுக்குப் பிறகு வரவில்லை. முஹன்னத் அவர் வீட்டுக்கு இரண்டு முறை போய்வந்தான். "வீட்டுல இருக்கணும்போல இருக்குங்கறாரு. என்ன பண்றது மேடம், நாம செய்யறதைச் செஞ்சோம்," என்றான்.

அவளும் ஒருமுறை போனாள். கிதாம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். வஹீப் வரவேற்பறையில் சட்டை, கால்சட்டையோடு, அலுவலகத்துக்குக் கிளம்பியவர்போல உட்கார்ந்திருந்தார். நலம் விசாரித்தார். அவள் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டார். புதிய கருவி எப்படிப் போகிறது என்றும் கேட்டார்.

"நல்லாப் போகுது," என்றாள். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. "மருந்துக்கடைக்காரங்க நிறைய கேக்குறாங்க. பதில் எழுதவே நேரம் சரியா இருக்கு."

"நல்லது," என்றார். உண்மையாகவே சொன்னார். "படங்கள் எல்லாம்?"

"இடத்துல இருக்கு."

கிதாம் கொண்டுவந்த காப்பியில் சர்க்கரை போட மறந்திருந்தாள். துக்க வீட்டில் கொடுக்கும் கசப்புக் காப்பிபோல இருந்தது. ருதைனா அதைச் சொல்லாமல் குடித்து முடித்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்தவள், எதற்கென்று கேட்பது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். சொன்னதற்கா? சொல்லாமல் விட்டதற்கா? அவர் எழுந்து கதவு வரை வந்து வழியனுப்பினார். மறுபடி வா என்று கிதாம்தான் சொன்னாள்.

அந்த வருடம் கையேடு முழுக்கப் புதிய கருவிக்கு மாறியது. கூடவே இரண்டு இளம்பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். கெட்டிக்காரிகள். அவர்கள் 'படத்தில் காண்பதுபோல' என்று எழுதியபோது ருதைனா திருத்தப் போனாள். "படம்தான் பக்கத்துலயே இருக்கே, மேடம்?" என்று அவர்களில் ஒருத்தி வியப்போடு கேட்டாள். படம் இருக்கத்தான் செய்தது. பெரிதாக, தெளிவாக, சிவப்பு அம்புக்குறியோடு. விரலை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு ருதைனா அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு, "சரி, இருக்கட்டும்," என்றாள்.

அடுத்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை அவள் கீழ்ச்சந்தைக்குப் போய் அம்மாவுக்குத் தைலமும் வீட்டுக்கு ஸஅத்தர் மூலிகைப் பொடியும் வாங்கிக்கொண்டு, லுவைப்தே குன்றுக்கு ஏறும் கல்படிக்கட்டில் வந்துகொண்டிருந்தாள். குறுகலான படிகள், இருபக்கமும் வீட்டுச் சுவர்கள். பாதி ஏறி மூச்சு வாங்கி நிமிர்ந்தபோது மேலேயிருந்து வஹீப் இறங்கி வருவதைப் பார்த்தாள். தனியாக வந்தார். கையில் வெள்ளைக் கோல். ஒவ்வொரு படியின் விளிம்பையும் கோலால் தொட்டு, காலை வைத்து, நின்று, அடுத்த படியைத் தொட்டு இறங்கினார். மெலிந்திருந்தார். சட்டைப் பொத்தானெல்லாம் சரியாக இருந்தது. ருதைனா அசையாமல் நின்றாள்.

சில படிகள் மேலே அவர் நின்றார். கீழே ஏறிவந்த காலடி சட்டென்று நின்றுவிட்டதை அவர் காது பிடித்திருக்க வேண்டும். தலையைச் சாய்த்துக் கேட்டார். தனக்கு வழிவிடத்தான் யாரோ காத்து நிற்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, கோலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சுவர்ப்பக்கமாக ஒதுங்கி முதுகை ஒட்டி நின்றார்.

"வாங்க, வாங்க. நான் மெதுவாத்தான் இறங்குவேன். நீங்க முதல்ல போங்க," என்றார்.

அந்நியர்களிடம் பேசும் குரல் அது. சிரித்த முகம். அவள் ஏறினாள். அவரைக் கடக்கும்போது அவள் கைப்பை எதிர்ச்சுவரில் உரசியது. ஸஅத்தரின் மணம் இருவருக்கும் நடுவில் பரவியது. அவள் நிற்காமல் ஏறினாள். மேலே திருப்பத்தில் போய்த்தான் திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டில் வேறு யாருமில்லை. வஹீப் அங்கேயே, வெயில் படும் கல்சுவரில் உள்ளங்கையைப் பதித்தபடி, இன்னும் யாரோ கடந்துபோக வேண்டியிருப்பதுபோல ஒதுங்கியே நின்றுகொண்டிருந்தார்.